கண்ணன் மறைந்த பக்கம்

அக்டோபர் 6, ஞாயிறு

என் மகள் கடவுள் ஆகப்போகிறாள். அடுத்த மாதம், ஓர் இரவு மட்டும்.

காலையில் ஓஜா இபோச்சௌ வீட்டுக்கே வந்து சொன்னார். ஓஜா என்றால் மணிப்பூரில் ஆசான். எங்கள் பேட்டை மண்டபத்தில் ராத்திரி முழுக்கக் கண்ணனும் கோபியரும் ஆடும் மகாராஸில் இந்த வருடம் கயல்தான் கண்ணன். கோபியராக ஆடுகிறவர்கள் பெரிய பெண்கள். கண்ணன் மட்டும் எப்போதும் சின்னப் பிள்ளைதான், ஆணானாலும் பெண்ணானாலும். போன இரண்டு வருடமும் பக்கத்து வீட்டு சனதோய் ஆடினாள். அவளுக்கு ஒன்பது வயது ஆகி, உயரமும் கூடிவிட்டது. கயலுக்கு ஏழு. முன்பல் இரண்டும் விழுந்த கண்ணன்.

"பல்லைப் பத்திக் கவலைப்படாதீங்க. கண்ணன் வாயைத் தொறக்க மாட்டான்" என்றார் ஓஜா. (அவர் பேசுவது மெய்தெய் மொழி. எனக்கு வந்த தமிழில் எழுதிக்கொள்கிறேன்.)

பிலாசினி நெற்றி தரையில் பட விழுந்து அவரைக் கும்பிட்டாள். பதினாறு வயதில் இதே மண்டபத்தில் கோபியாக ஆடியவள். பிறகு திருச்சியில் எட்டு வருடம் நர்ஸ் வேலை. நான் கை முறிந்து போய் அங்கே படுத்தேன். மாவுக்கட்டோடு ஒரு மனைவியும் கிடைத்தாள். இப்போது அவள் ஊரான இம்பாலில் ஒரு பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே தமிழ் பேச அவளை விட்டால் எனக்கு ஆள் இல்லை. எழுத்தாவது துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்றுதான் இந்த நாட்குறிப்பு.

சிக்கல் என்னவென்றால், கண்ணன் வேடம் கட்டிய பிள்ளையின் முன்னால் பார்க்க வந்தவர்கள் விழுந்து கும்பிட வேண்டும். அதிலும் பெற்றவர்கள்தான் முதலில். நான் கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்வதற்காக மட்டுமே நின்றவன். என்னை வளர்த்தவர் கறுப்புச் சட்டை போட்டவர்.

"என்னங்க, கும்பிடுவீங்கதானே?" என்று கேட்டாள் பிலாசினி. அவள் "என்னங்க" என்று கூப்பிட்டாலே விவகாரம்தான். முதுகுவலி இருக்கிறது, அன்றைக்குப் பார்ப்போம் என்றேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

முதல் ஒத்திகை. நான் பார்த்து வளர்ந்த நாட்டியம் சபாவில் காலை ஓங்கித் தட்டும், கண்ணை உருட்டும். இதில் சலங்கையே கிடையாது. பாதம் தரையில் படுவது காதில் விழுவதில்லை. கோபியர் கண்ணாடி பதித்த விறைப்பான பாவாடையில் நிற்பார்கள், முகத்தின் மேல் மெல்லிய வெள்ளைத் துணி. யாரும் நம்மை நிமிர்ந்து பார்ப்பதில்லை. ராத்திரி பூராவும் ஆடுவார்கள். பார்க்க வந்தவனை ஒருமுறைகூடக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

ஐந்து வருடத்துக்கு முன்பு சித்தப்பா இங்கே வந்திருந்தபோது இதைத்தான் ஓஜாவிடம் கேட்கச் சொன்னார். "ஏம்பா, அந்தப் பொண்ணுங்க ஏன் நம்மளப் பாக்கவே மாட்டேங்குதுங்க?" நான் மொழிபெயர்த்தேன். ஓஜா யோசிக்காமல், "உங்களுக்காக ஆடலையே" என்றார். சித்தப்பா, "நேர்மையான ஆளு" என்றார். அவர் வாயால் ஒரு பக்திமானுக்குக் கிடைத்த சான்றிதழ் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

சித்தப்பாவின் முழுப்பெயர் அரங்கசாமி. வாலிபத்தில் பெயரிலிருந்த சாமியை வெட்டிவிட்டு அரங்கன் ஆனார். மிச்சம் இருந்ததும் சாமிதான் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் கோபம் வரும். திருத்துறைப்பூண்டியில் சைக்கிள் கடை. நான் பிறக்கும் முன்பே அப்பா போய்விட்டார். செங்குட்டுவன் என்று எனக்குப் பெயர் வைத்ததும் வளர்த்ததும் படிக்க வைத்ததும் இவர்தான். அப்பா என்று கூப்பிட மட்டும் விடவில்லை. "உங்கப்பன் எடத்துக்கு நான் போட்டி போட வரலடா" என்பார். கயலுக்குப் பெயர் வைத்ததும் அவரே. மீன் இல்லாமல் சோறு இறங்காத இந்த ஊரில் மீன் என்று பெயர் கொண்ட பிள்ளையை யாரும் மறுக்கவில்லை.

ஒத்திகை முடிந்ததும் ஓஜா பெற்றோரை உட்காரவைத்து ஒன்று சொன்னார். ராஸ் முடியும்வரை எந்த வீட்டிலாவது சாவு நேர்ந்தால், பங்காளி வீடாக இருந்தாலும், அந்த வீட்டுப் பிள்ளை இந்த வருடம் ஆடாது. மூத்த பாடகி ஒருத்தி கொழுந்தன் செத்ததற்காகப் போன வருடம் தானாகவே ஒதுங்கி நின்றாளாம். சாவுக்கும் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. பிலாசினி என் முழங்காலைக் கிள்ளினாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

மஞ்சள் பட்டு வாங்கினோம். கயல் வீட்டுக்குள் நடப்பதே இல்லை, எங்கே போனாலும் வளைந்து வளைந்து மிதந்துதான் போகிறாள். பல் தேய்க்கும்போதுகூட இடுப்பை ஒடித்துப் புல்லாங்குழல் நிலைதான்.

வாராந்தர போன். சித்தப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மழைக்காலம் வந்தாலே அவருக்கு இருமல்தான்.

"அப்ப நீ உம் பொண்ணு கால்ல விழணும்?"

"முதுகுவலின்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு பாக்குறேன்."

"பொய் சொல்லாதடா. கும்புடறேன்னா கும்புடு, மாட்டேன்னா மாட்டேன்னு நேரா சொல்லு. பொய் சொன்னா கும்புடறவனுக்கு மன்னிக்க ஒரு சாமி இருக்கு. நமக்கு யாரு இருக்கா?"

பிறகு கயலிடம் பேசினார். அவள் அவருக்குப் போனிலேயே ஆடிக் காட்டினாள். அவர் "பேஷ், பேஷ்" என்றது எனக்கும் கேட்டது.

அக்டோபர் 29, செவ்வாய்

கட்டிக்கொடுத்த பெண்களைப் பிறந்த வீடு விருந்துக்குக் கூப்பிடும் நாள். பிலாசினி அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பதினெட்டு வகையோடு சாப்பிட்டுவிட்டு நடக்க முடியாமல் திரும்பி வந்தாள். மாப்பிள்ளைக்கு அழைப்பு கிடையாது. வீட்டில் நானே ரசம் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஆனால் மத்தியானத்துக்குள் நாலு வீட்டிலிருந்து மீன் வந்தது. "மருமகன் தனியா இருப்பாரே" என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருத்தருக்குத் தோன்றியிருக்கிறது. மஞ்சள்காமாலையில் நான் படுத்த வருடமும் இப்படித்தான். எந்தப் பாத்திரம் யாருடையது என்று தெரியாமல், திருப்பிக் கொடுக்கவே ஒரு வாரம் ஆனது. இந்த ஊருக்கு நான் பட்டிருக்கிற நன்றிக்கடன் கொஞ்சநஞ்சம் இல்லை.

நவம்பர் 4, திங்கள்

பிலாசினி கயலின் இடுப்புப் பட்டிக்கு ஜரிகை தைத்துக்கொண்டே கதை சொன்னாள். ஒரு ராஜாவின் கனவில் கண்ணன் வந்து, மலைமேல் ஒரு பலாமரத்தில் இருக்கிறேன், என்னைச் செதுக்கிக்கொள் என்றானாம். பலாமரம் என்றதும் எனக்குப் பண்ருட்டிதான் ஞாபகம் வந்தது. மரத்தை வெட்டிச் செதுக்கினார்கள். ஆட்டமும் உடையும்கூடக் கனவில் வந்ததுதானாம். முதல் ராஸில் ராஜாவின் சொந்த மகளே ராதையாக ஆடினாளாம். கடைசிவரை அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

"தையல்காரனுக்கு அளவும் கனவுலயே குடுத்தாரா?" என்றேன். ஊசியால் குத்த வந்தாள்.

பிறகு அவள் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. கண்ணன் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சில நூறு வருடங்கள்தான் ஆகின்றன. அதற்கு வெகுகாலம் முன்பே இந்த மக்கள் தோப்புச் சாமிகளுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தார்கள். இன்றும் ஆடுகிறார்கள். வெள்ளை உடுத்திய பூசாரிப் பெண்கள் தண்ணீரிலிருந்து சாமியை அழைத்து வருகிறார்கள். ஒரு குழந்தையின் உடம்பு உறுப்பு உறுப்பாக உருவாவதை ஆடிக் காட்டுகிறார்கள். அப்புறம் அதற்கு ஒரு வீடு கட்டுகிறார்கள். பஞ்சு விதைத்து, நூற்று, துணி நெய்கிறார்கள். எல்லாம் ஆட்டத்திலேயே. "அந்தக் கையும் இடுப்பும்தான் அப்புறம் கண்ணனுக்கும் போச்சு" என்றாள்.

வேலை செய்வதையே பூசையாக ஆடுகிறார்கள்! சித்தப்பாவுக்கு இது பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல்லவேண்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

சித்தப்பா போனை எடுக்கவில்லை. தூங்கியிருப்பார். உருளைக்கிழங்கு வாங்கினேன்.

நவம்பர் 11, திங்கள்

மத்தியானம் பள்ளியில் இருக்கும்போது சித்தப்பா மகன் மதியழகன் கூப்பிட்டான். விடியற்காலையில் சித்தப்பா போய்விட்டார். மூச்சு முட்டியிருக்கிறது. வண்டி வரும் முன்பே முடிந்துவிட்டது.

"நீங்க கெளம்பி வராதீங்கண்ணே. சாயங்காலமே மெடிக்கல் காலேஜ்ல குடுத்துடறோம், அப்பா எழுதி வச்சபடி. நீங்க வந்து சேர்றப்ப இங்க பாக்க ஒண்ணும் இருக்காது."

சரி என்றேன். ஐந்தாம் பீரியடில் ஒளிவிலகல் நடத்தினேன். வரும் வழியில், ஓரம் அடிக்கக் கொடுத்திருந்த மஞ்சள் வேட்டியை வாங்கி வந்தேன். வீட்டில் சமையல் வாயு தீர்ந்திருந்தது. சிலிண்டர் மாற்றினேன். குழாயில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரையும் நிறுத்தினேன். அது ஆறு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

பிலாசினியிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை ராஸ் கழியட்டும். சடங்கு கூடாது, மாலை கூடாது, தீட்டு என்று ஒரு பயல் வாயெடுக்கக் கூடாது என்று எழுதி வைத்த மனிதர். அவர் பெயரைச் சொல்லி ஒரு குழந்தையின் ஆட்டத்தை நிறுத்துவதா? அவரே எழுந்து வந்து அறைவார்.

நவம்பர் 12, செவ்வாய்

பௌர்ணமி. இன்று கோவிந்தஜி கோயிலில் மகாராஸ். அங்கே ஆடிய பிறகுதான் மற்ற இடங்களில். ஒவ்வொரு வருடமும் பிலாசினி முதல் ஆளாகப் போவாள். இன்று தலைவலி என்று படுத்துவிட்டாள். துளசிமாடத்தில் விளக்கு வைக்கவும் மறந்துவிட்டாள். நேற்றும் இன்றும் வெறும் பருப்பு. ராஸ் முடியும்வரை மீன் கிடையாது போலிருக்கிறது. நானும் கேட்கவில்லை, பசி இல்லை.

நவம்பர் 13, புதன்

சாயங்காலம் ஓஜா வந்தார். வாழையிலையில் வெற்றிலை பாக்கு. ராஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஆடுகிற பிள்ளையின் வீட்டு வாசலில் நின்று அப்பாவிடம் நேரில் கேட்பது அவர் வழக்கம்.

"வீடு சுத்தமா இருக்கா?"

அவ்வளவுதான் கேள்வி. சுத்தமாக இருந்தால் வெற்றிலையை வாங்கிக்கொள்ள வேண்டும். கயல் என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிலாசினி அடுப்படி வாசலில் நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. கை மட்டும் நீண்டு வாங்கிக்கொண்டது.

வாயால் ஒன்றும் சொல்லவில்லையே, எப்படிப் பொய் ஆகும் என்று இரண்டு மணி நேரமாக எனக்கு நானே வாதாடிக்கொண்டிருக்கிறேன். கேஸ் தோற்கும்போல இருக்கிறது. வெற்றிலை அலமாரிமேல் இருக்கிறது. யாரும் போடவில்லை. வீட்டில் பாக்குக்கு அலைகிற பிலாசினிகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நவம்பர் 14, வியாழன்

விடிந்ததும் வெற்றிலையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

"எங்க போறீங்க?" என்றாள் பிலாசினி.

"ஓஜா வீட்டுக்கு. பிலா, சித்தப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். மதி எனக்குத்தான் முதல்ல போன் பண்ணான். அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல அண்ணின்னு அழுதான்."

மூன்று நாள் பருப்பும், ஏற்றாத விளக்கும், போகாத கோயிலும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. இயற்பியல் வாத்தியார்! கண்ணுக்கு முன்னால் இருந்ததைப் பார்க்கத் தெரியவில்லை.

"தெரிஞ்சும் நீ ஏன் சொல்லல?"

"உங்க சித்தப்பா. நீங்கதான் சொல்லணும். சனிக்கிழமை காலை வரைக்கும் பாத்திருப்பேன். அப்புறம் நானே போயிருப்பேன்" என்றாள். பிறகு, "அவரு எம்மேல உசிரா இருந்தாருங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

ஓஜா முற்றத்தில் மிருதங்கம்போல இருக்கும் அவருடைய பூங் மேளத்துக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தார். வெற்றிலையை அவர் முன்னால் வைத்தேன். "என் வீடு சுத்தமா இல்லை" என்றேன். "திங்கக்கிழமையிலேர்ந்து. நேத்து தெரிஞ்சேதான் வாங்கினேன்."

"யாரு?"

"சித்தப்பா."

அவர் கை வாரில் நின்றது. "சைக்கிள்காரரா?"

நான் மறந்தே போயிருந்தேன். ஐந்து வருடத்துக்கு முன்பு சித்தப்பா இங்கே தங்கிய நாட்களில், வெறுமனே உட்கார முடியாமல், இந்தப் பேட்டையில் இருந்த எல்லா சைக்கிளையும் தெருவில் கவிழ்த்துப் போட்டுப் பழுது பார்த்தார். மொழி கிடையாது. காசும் வாங்கவில்லை. ஓஜாவின் சைக்கிள் அதோ சுவரில் சாய்ந்திருந்தது.

ஓஜா மேளத்தை ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார்: "கயல் ஆட முடியாது. பிள்ளைக்கும் அப்பா வழித் தீட்டு உண்டு."

"தெரியும்."

"நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அதனாலதான் சொல்ல வந்தேன்."

"காரியம் யார் பண்றது?"

காரியம் கிடையாது, உடம்பை டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்தாயிற்று என்றேன். முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். "அப்படின்னா அவரும் இப்ப ஓஜாதான்" என்றார்.

எழுந்தபோது, "மண்டபத்துக்குள்ள வராதீங்க. வெளிய மண்ணுல உட்காந்து பாக்கலாம், அதுக்குத் தடை இல்ல. கண்டிப்பா வாங்க" என்றார். கோபமாக ஒரு சொல் இல்லை. அந்தப் பெரிய மனதுக்கு நான் என்ன செய்து ஈடு கட்டப்போகிறேன், தெரியவில்லை.

கயலிடம் சொன்னதுதான் கொடுமை. புல்லாங்குழலைச் சுவரில் விட்டெறிந்தாள். "நீங்க ஏன் சொன்னீங்க? நீங்கதான் சாமியே இல்லைம்பீங்களே!" என்று கத்தினாள். சின்னத் தாத்தா உனக்குப் பொய் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன். சொல்லியிருக்கிறார் என்று தலையாட்டிவிட்டு இன்னும் பெரிதாக அழுதாள்.

தூங்கப்போகும்போது அவளாகவே வந்தாள்.

"சின்னத் தாத்தா இப்ப எங்க இருக்காரு?"

"காலேஜ்ல."

"இந்த வயசுல படிக்கிறாரா?"

"இல்லம்மா. சொல்லிக்குடுக்கிறாரு."

நவம்பர் 15, வெள்ளி

காலையிலிருந்து ஆட்கள். அரிசி, கீரை, பழம், பூசணி. ஒருவர் கையிலும் மீன் இல்லை; அடுத்த வெள்ளி, பன்னிரண்டாம் நாள், தீட்டு கழியும்வரை இந்த வீட்டில் மீன் கூடாது. முற்றத்தில் பாய்போட்டு உட்கார்ந்து, எங்கள் ஊரில் துக்கம் விசாரிப்பதுபோலவே விசாரித்தார்கள். எத்தனை வயது, கஷ்டப்பட்டாரா, யார் கூட இருந்தது? மூலை வீட்டுக்காரர் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். "இந்த மணி அவரு போட்டது" என்று அடித்துக் காட்டினார். கணீரென்று இருந்தது. சித்தப்பாவுக்குச் சாவுமணி கூடாது. சைக்கிள் மணிக்குத் தடை ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

அவர் எழுதி வைத்தபடி அங்கே யாரும் கூடி அழவில்லை என்று மதி சொன்னான். இங்கே கூடிவிட்டார்கள். நான் தடுக்கவில்லை.

சாயங்காலம் சனதோய் வந்தாள். மறுபடி அவள்தான் கண்ணன். கயல் வாசலுக்கு ஓடி, "உள்ள வராதே, எங்களுக்குத் தீட்டு!" என்று ஏதோ பரிசு வாங்கியதுபோலக் கத்தினாள். சனதோய் தெருவிலேயே நின்றாள். கிரீடம் சின்னதாகிவிட்டது, நெற்றியை இறுக்குகிறது என்றாள். இந்த வருடம் ஓஜா மாற்றியிருக்கும் அடவுகள் அவளுக்குத் தெரியாது. வேலிக்கு இந்தப் பக்கம் கயல் ஆடினாள், அந்தப் பக்கம் சனதோய் பார்த்து ஆடினாள். தப்பு செய்தால் கயல் தலையில் அடித்துக்கொண்டாள். இருட்டும்வரை நடந்தது. நான் வெந்நீர் போடுகிற சாக்கில் அடுப்படி ஜன்னலிலேயே நின்றேன். கண் கரித்தது. காஸ் அடுப்பிலும் புகை வரும்போல.

நவம்பர் 17, ஞாயிறு

நேற்று ராஸ். தூங்கவில்லை. மறக்கும் முன்பு எழுதிவிடுகிறேன்.

மண்டபத்துக்கு மேற்கே மண்தரையில் எங்கள் மூன்று பேருக்கும் யாரோ கோரைப்பாய் விரித்து வைத்திருந்தார்கள். குளிருக்கு ஒரு கம்பளியும் மடித்து வைத்திருந்தது. மண்டபத்துக்குச் சுவர் கிடையாது. தூண்கள்தான். எல்லாம் தெரிந்தது.

பூங் வாசிப்பவர்கள் முதலில் வந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டு அடித்தார்கள். பிறகு பாடுகிற பெண்கள். பிறகு சனதோய் வந்தாள், மயிற்பீலியும் மஞ்சள் பட்டுமாக. அது கயலுக்கு ஓரம் அடித்த பட்டு, அலசித் தீட்டுக் கழித்தது. கிரீடம் வைத்துவிட்டால் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது ஓஜாவின் கண்டிப்பு. அவள் அப்பா, கோழிப்பண்ணை வைத்திருக்கும் முரட்டு ஆள், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தபோது தேம்பித் தேம்பி அழுதார். சுற்றியிருந்தவர்களும் அழுதார்கள். இங்கே அழுவதும் பூசையின் ஒரு பகுதிதான். யாரும் யாரையும் தேற்றுவதில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் அழுதேன். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

மகாராஸில் நடுவில் ஓர் இடம் உண்டு. கோபியருக்குக் கர்வம் வந்ததும் கண்ணன் மறைந்துவிடுவான். அவர்கள் தேடுவார்கள். ஒத்திகையில் நான் எத்தனையோ முறை பார்த்தது. கண்ணன் வடக்கு மூலைக்குப் போய்ப் பாடகிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வான்.

நேற்று சனதோய் வடக்கே போகவில்லை. மேற்குத் தூணைச் சுற்றி, மண்டபத்தின் விளிம்புக்கு வந்தாள். அங்கே ஒரு சின்ன மணை போட்டிருந்தது. எங்கள் பக்கம் முகம் திருப்பி அதில் உட்கார்ந்தாள். எங்களுக்கும் அவளுக்கும் நடுவே கை நீட்டினால் தொடும் தூரம்.

உள்ளே வெள்ளைத் திரையிட்ட முகங்கள் தேடின. மரத்தைக் கேட்டன. கொடியைக் கேட்டன. எங்கே போனாய், எங்கே போனாய் என்று மூத்த பாடகி பாடியது நெஞ்சைப் பிடுங்கியது. அவர்கள் தேடிக்கொண்டிருந்தவன் இங்கே, தீட்டு வீட்டுக்காரர்கள் முன்னால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கயல் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. முழங்காலிட்டு நெற்றியைத் தரையில் வைத்தாள். பிலாசினியும் வைத்தாள்.

நான் சனதோயைப் பார்த்தேன். கிரீடம் இறுக்கி நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. அவள் அசையவில்லை. எங்களைப் பார்த்தாளா என்றும் தெரியவில்லை. பார்க்க ஒண்ணும் இருக்காதுண்ணே என்று மதி சொன்னது ஞாபகம் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து எனக்கு விழுவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்திருக்கிறது. அது எனக்கே தெரியவில்லை. விழுந்தேன். முதுகு வலிக்கவில்லை.

யாரைக் கும்பிட்டாய் என்று கேட்டால் நேராகச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவை. பிறகு ஓஜாவை, மணை போட்ட கையை, கம்பளி மடித்து வைத்த கையை, மீன் இல்லாமல் வந்த அத்தனை கைகளையும். அதில் கண்ணனுக்கும் ஏதாவது போய்ச் சேர்ந்திருந்தால் எனக்குப் புகார் இல்லை.

தலை நிமிர்ந்தபோது அவள் உள்ளே போயிருந்தாள். கோபியர் கண்ணனைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

விடிந்து ஆரத்தி முடிந்ததும், மண்டபத்துக்கு வெளியே ஓஜாவைப் பார்த்தேன். கண்ணன் வடக்கேதானே மறைய வேண்டும் என்று கேட்டேன்.

"அவன் எங்க மறைவான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கயலைத் தூக்கிக்கொண்டு பிலாசினி வீட்டுக்குப் போனாள். நான் காய்கறி வாங்கச் சந்தைக்குப் போனேன். வழக்கமாக நாங்கள் மீன் வாங்கும் அம்மா கூப்பிட்டாள். கூடையில் நல்ல மீன், உயிரோடு துள்ளியது.

"வேண்டாம்மா. வெள்ளிக்கிழமை வரேன்" என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கூடையை இலையால் மூடினாள். "யாரு போனது?" என்று கேட்டாள்.

"அப்பா" என்றேன். பொய் சொல்லவில்லை.